தாமே நிரப்பக்கூடிய படிவம்: சிறு நிறுவனங்களின் இணையச் சேவையை எல்லோருக்கும் உரியதாக்கும் முறை

எங்கள் ஊரில் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள பிரௌசிங் சென்டரில், மேசையோரமாக ஒரு நீள நோட்டு எப்போதும் கிடக்கும். வந்தவரின் பெயர், கைபேசி எண், அவருக்கென உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் ஆகியவை அதில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். கடையை நடத்துபவர் நல்ல மனிதர். உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வரும் முதியவர்கள் அடுத்த முறை வரும்போது கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள் என்பதால், அவர்களுடைய வேலை நின்றுவிடக் கூடாதே என்றுதான் எழுதி வைக்கிறார். ஆனாலும் அந்த நோட்டு ஒருநாள் தொலைந்தால், அதில் பெயருள்ள அத்தனை பேருடைய கணக்குகளும் கண்டெடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒருவர் தாமே நிரப்ப முடியாதபடி அமைக்கப்பட்ட படிவங்கள்தாம் அந்த நோட்டை உருவாக்கியிருக்கின்றன.

அணுகல்தன்மை (உடற்குறையோ மொழியோ தடையாகாமல் எவரும் பயன்படுத்த முடிவது), அந்தரங்கம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்து, பாதுகாப்பை நிரலாளரிடமும் அந்தரங்கத்தை வழக்கறிஞரிடமும் ஒப்படைத்துவிட்டு, அணுகல்தன்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதே பெரும்பாலான இடங்களில் நடைமுறையாக இருக்கிறது. அந்தப் பிரிவினை தவறு. திரையைப் பார்க்க முடியாதவரும், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும், கை நடுங்குபவரும் தம் கைபேசியையும் ஓடிபியையும் நோயின் பெயரையும் இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் உங்கள் சேவையைப் பெற முடியும் என்றால், அந்த இடத்திலேயே அந்தரங்கமும் பாதுகாப்பும் போய்விடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி படிவத்திலிருந்தே தொடங்குகிறது. சிறிய ஊர் ஒன்றில் உள்ள மருத்துவமனை, மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்வதற்கும் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பதற்கும் ஓர் இணையச் சேவை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் சென்டருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதே வழிமுறைகள் பொருந்தும்.

முதலில் கேள்விகளைக் குறையுங்கள்

படிவத்தை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இந்தத் தகவல் இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை நீக்கிவிடுங்கள். முன்பதிவுக்குப் பெயரும் தொடர்பு எண்ணும் எந்த மருத்துவர், எந்த நாள் என்பதும் போதும். பிறந்த தேதி, தந்தை பெயர், வீட்டு முகவரி, ஆதார் எண் ஆகியவை முன்பதிவுக்குத் தேவைப்படுவதில்லை. பழைய காகிதப் படிவத்தில் இருந்தன என்பதற்காகவே இணையத்துக்கும் வந்துவிடுகின்றன. ஒரு கேள்வி குறைந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பானில் கேட்டு நிரப்புபவருக்கு ஒரு தடை குறைகிறது. திருடு போவதற்கும் ஒரு தகவல் குறைகிறது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்பதை விளக்க, அந்தச் சட்டமே தொலைமருத்துவச் செயலி ஒன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது: சிகிச்சைக்காகச் செயலியை நிறுவிய பெண்ணிடம் கைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்டு, அவர் சரி என்று அழுத்தியிருந்தாலும், சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் சிகிச்சைக்கான தகவலோடு நின்றுவிடும். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்றும், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. எனவே தமிழ்நாட்டு மருத்துவமனையின் ஒப்புதல் அறிவிப்பு தமிழில் இருப்பதைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை. அந்த அறிவிப்பை வழக்கறிஞர் நடையில் எழுதாமல், "உங்கள் பெயரையும் எண்ணையும் முன்பதிவுக்காக மட்டும் வாங்குகிறோம், சந்திப்பு முடிந்து இத்தனை நாளில் அழித்துவிடுவோம்" என்பது போல எழுதுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரின் தகவலைப் பெறுவதற்குப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்பதையும் டியூஷன் சென்டர் நடத்துபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெட்டிகளைக் காதால் கேட்டுப் பாருங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பார்வையை முழுவதும் இழந்தவர், என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துகிறார். நான் அமைத்த முன்பதிவுப் படிவம் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்தேன். டேப் விசையை அவர் அழுத்த அழுத்த, கணினி "எடிட், பிளாங்க்" என்றது. மறுபடியும் "எடிட், பிளாங்க்". மூன்றாவது முறையும் அதுவே. எந்தப் பெட்டி பெயருக்கு, எந்தப் பெட்டி கைபேசி எண்ணுக்கு என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கண்ணுக்குப் பெட்டியின் மேலே "பெயர்" என்று அழகாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல்லையும் பெட்டியையும் நிரலில் நான் இணைத்திருக்கவில்லை. "தம்பி, இதில் நான் எதை எங்கே எழுதுவது?" என்று அவர் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. திருத்துவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் என்னும் குறியை எழுதி, பெட்டியின் அடையாளத்தோடு அதைப் பிணையுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரிந்து, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும் குறிப்பை லேபிளுக்குப் பதிலாக வைக்காதீர்கள்; பாதியில் கவனம் சிதறியவருக்கு அந்தப் பெட்டி எதற்கென்று மீண்டும் தெரியாது. படம் மட்டும் உள்ள பொத்தானுக்கும் பெயர் வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலின் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று குழறும் அல்லது எழுத்துகளைத் தாண்டிச் சென்றுவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய அறிவிப்புகளை அப்படியே ஏற்றினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கேட்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வெளியிடுங்கள். மருத்துவர் வரும் நேரத்தைப் போஸ்டராக வடிவமைத்துப் படமாக மட்டும் போடுவதும் இதே வகைத் தவறுதான். படம் இருக்கட்டும், அதிலுள்ள செய்தி முழுவதும் எழுத்தாகவும் கீழே இருக்க வேண்டும்.

பெயர்ப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வார்ப்புருக்களிலிருந்து எடுத்த படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளை வைத்து, இரண்டாவதில் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று அடம்பிடிக்கின்றன. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நமக்குக் குடும்பப்பெயர் ஏது? ஒருவர் தந்தையின் பெயரைப் போடுகிறார், இன்னொருவர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார், பிறகு மருந்துச்சீட்டில் ஒரு பெயரும் காப்பீட்டில் வேறு பெயருமாகிவிடுகிறது. "முழுப்பெயர்" என்று ஒரே பெட்டி வையுங்கள். புள்ளியையும் இடைவெளியையும் தமிழ் எழுத்துகளையும் ஏற்கச் செய்யுங்கள். இதில் நிரலாளர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் சரிபார்ப்பு விதி தமிழின் உயிர்மெய்க் குறியீடுகளையும் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாது, ஏனெனில் யூனிகோடில் அவை குறிகள் என்னும் வேறு வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே குறிகளையும் சேர்த்து அனுமதிக்காவிட்டால் "கண்ணன்" என்ற பெயரே பிழையாகிவிடும். "கொ" போன்ற எழுத்தை இரண்டு வெவ்வேறு குறியீட்டு வரிசைகளில் எழுத முடியும் என்பதால், சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோமதியின் கோப்பு இருந்தும் தேடலில் கிடைக்காது.

தோற்றத்தைப் பொறுத்தவரை, இணையத் தரங்களை வகுக்கும் உலக இணையக் கூட்டமைப்பின் (டபிள்யூ3சி) அணுகல் நெறிமுறைகள் தெளிவான அளவுகளைத் தருகின்றன. 2023 அக்டோபரில் வந்த 2.2ஆம் பதிப்பின்படி, வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற அளவிலாவது நிறவேறுபாடு இருக்க வேண்டும். தொடும் பொத்தான் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் அல்லது சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும். எழுத்தை இருமடங்காகப் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது. இந்தக் கடைசி விதி தமிழுக்கு மிகவும் முக்கியம். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அமைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் வெட்டுப்படும், வரிகளுக்கிடையே இடம் குறைவாக இருந்தால் மேல்வரியின் "கு"வும் கீழ்வரியின் "கீ"யும் ஒன்றோடொன்று உரசும்.

பிழை நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். நிறம் பிரித்தறியாதவருக்கு அது தெரியாது. "கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கங்களே உள்ளன, பத்து இருக்க வேண்டும்" என்று எழுத்தில் சொல்லி, தட்டச்சுக் குறியை (கர்சரை) அந்தப் பெட்டிக்கே கொண்டுசெல்லுங்கள். ஏற்கெனவே நிரப்பியவற்றை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.

உள்ளே நுழையும் வாசல்

ஆட்களை வடிகட்டுவதற்காக வைக்கும் சோதனைகளே பலரை வெளியே நிறுத்துகின்றன. வளைந்த எழுத்துகளைப் படித்து எழுதச் சொல்லும் கேப்சா பார்வையற்றவரைத் தடுக்கும். அதை வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒலி வடிவமும் தாருங்கள். சிறிய மருத்துவமனைக்கு, ஒரே எண்ணிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு வைத்தாலே பெரும்பாலும் போதும். ஓடிபிக்கு ஆறு தனித்தனிப் பெட்டிகளை வைக்காமல் ஒரே பெட்டி வையுங்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கைபேசி தானே நிரப்ப வழிசெய்யுங்கள். முப்பது விநாடியில் காலாவதியாகும் ஓடிபி, செய்தியைத் திறந்து, குரலில் கேட்டு, மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவருபவருக்குப் போதாது. சில நிமிடங்களாவது கொடுத்து, தவறான முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் பாதுகாப்பு குறையாது. கடவுச்சொல் வைப்பதென்றால், நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், எழுதியதைக் காட்டும் பொத்தான் வையுங்கள், காரணமின்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லாதீர்கள். அடிக்கடி மாற்றச் சொல்லும் கடவுச்சொல்தான் பிரௌசிங் சென்டர் நோட்டில் முதலில் ஏறுகிறது.

முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறையைச் சேர்க்க நினைப்பவர்கள், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில் அளித்த தீர்ப்பைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள், வாடிக்கையாளரை இணையவழியில் அடையாளம் காணும் நடைமுறையில் கண் சிமிட்டிக் காட்டச் சொல்வதால் வங்கிச் சேவையே தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று முறையிட்டனர். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு, இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் உள்ளிட்ட இருபது கட்டளைகளைப் பிறப்பித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அரசோடு தனியார் சேவை வழங்குவோரையும் அணுகல் விதிகளுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த ஒரு சோதனைக்கும் இரண்டாவது வழி ஒன்று இருக்கட்டும். தொலைபேசியில் ஓர் ஊழியரிடம் பேசி முடிப்பதும் அத்தகைய வழிதான்.

ஒரு கைபேசி, பல கைகள்

பல வீடுகளில் ஒரே கைபேசியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே குறுஞ்செய்தியில் "மனநலப் பிரிவில் உங்கள் சந்திப்பு உறுதியானது" என்று அனுப்பினால், நோயாளி சொல்ல விரும்பாத செய்தியை நீங்களே வீட்டில் அறிவித்துவிடுகிறீர்கள். மகப்பேற்றுப் பிரிவுக்கும் பால்வினை நோய்ப் பிரிவுக்கும் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பிரிவின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் விட்டுவிட்டு, நாள், நேரம், வரிசை எண் ஆகியவற்றை மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் நோயாளியிடமே கேளுங்கள்.

பிறர் உதவியோடு நிரப்புவோர் எப்போதும் இருப்பார்கள்; அதைத் தவறென்று நினைத்து ஒளித்துவைக்காமல், அதற்கென முறையான வழியை அமைப்பதே நல்லது. படிவத்தின் தொடக்கத்தில் "இன்னொருவருக்காக நிரப்புகிறேன்" என்ற தேர்வை வைத்து, அதைத் தேர்ந்தவரிடம் நோயின் விவரத்தைக் கேட்காமல், நோயாளியின் எண்ணுக்கு மருத்துவமனையே அழைத்து உறுதிசெய்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் "வெளியேறு" என்னும் பொத்தான் பெரிதாகத் தெரியட்டும். சில நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணக்கு தானே மூடிக்கொள்ளட்டும். ஆனால் மூடும் முன் எச்சரித்து, நேரத்தை நீட்டிக்கவும் வாய்ப்பளிக்க வேண்டும், மெதுவாக நிரப்புபவரின் உழைப்பு வீணாகக் கூடாது.

வாங்கிய தகவலைக் காப்பது

பரிசோதனை முடிவைக் குறுஞ்செய்தி இணைப்பாக அனுப்பும் ஆய்வகம் ஒன்றிலிருந்து என் தாயாரின் இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒருமுறை வந்தது. இணைப்பின் முடிவில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டி எழுதிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் பெயரும் வயதும் சர்க்கரை அளவும் என் திரையில் வந்து நின்றன. உடனே மூடிவிட்டு ஆய்வகத்துக்குத் தெரிவித்தேன். இந்தப் பிழையைச் செய்ய எந்தத் தீய நோக்கமும் தேவையில்லை, வரிசை எண்ணையே முகவரியாக வைத்தால் போதும். உங்கள் சேவையில் இதை இன்றே சோதியுங்கள். இணைப்பில் ஊகிக்க முடியாத நீண்ட குறியீட்டை வைப்பதோடு, திறப்பவர் உரியவர்தானா என்று ஒவ்வொரு முறையும் சர்வர் சரிபார்க்க வேண்டும். சில நாள்களில் இணைப்பு காலாவதியாகவும் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பக்கம் முழுவதும் தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் வழியாகவே இயங்க வேண்டும். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் போன்ற முறையில் திருப்ப முடியாத வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். நோயாளிப் பட்டியலை இணைப்பு உள்ள எவரும் பார்க்கக்கூடிய கூகுள் ஷீட்டில் வைக்கக் கூடாது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். வரவேற்பறையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தால், யார் எதைப் பார்த்தார் என்று பிறகு அறிய முடியாது. விளம்பர நிறுவனங்களின் பின்தொடரும் நிரல்களை முன்பதிவுப் பக்கத்தில் வைக்காதீர்கள், எந்தப் பிரிவுக்கு ஒருவர் பதிவு செய்கிறார் என்பது பக்கத்தின் முகவரியோடு அவர்களுக்கும் போய்ச் சேரும். அடையாளச் சான்று உண்மையிலேயே தேவைப்பட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்றுக்கொள்ளுங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், ஊழியரின் சொந்தக் கைபேசியில் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

தகவல் கசிந்துவிட்டால் மறைக்காதீர்கள். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட கட்டளை, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அவற்றின்படி பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு எழுதும் செய்தியில், எது கசிந்தது, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்கலாம் என்ற மூன்றும் தமிழில் தெளிவாக இருக்கட்டும். பணம் பறிபோனால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும் என்பதைச் சேவையின் உதவிப் பக்கத்தில் இப்போதே எழுதிவையுங்கள். "எங்கள் ஊழியர் எவரும் தொலைபேசியில் ஓடிபி கேட்க மாட்டார்" என்ற வரியும் அதன் அருகில் இருக்கட்டும். அதை எழுதிய பிறகு உங்கள் ஊழியர் யாரும், அவசரம் என்றாலும், ஓடிபியைக் கேட்கவே கூடாது.

வெளியிடும் முன்

தானியங்கிச் சோதனைக் கருவிகள் நிறவேறுபாட்டையும் விடுபட்ட லேபிளையும் கண்டுபிடித்துவிடும்; குழப்பமான சொல்லையும் சலிப்பூட்டும் வரிசையையும் அவை கண்டுபிடிப்பதில்லை. முதலில் மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் கொண்டு முன்பதிவை முடித்துப் பாருங்கள். அடுத்து ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலில் இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். பிறகு பார்வையற்ற ஒருவரையும், வாசிக்கத் தடுமாறும் முதியவர் ஒருவரையும் அழைத்து, அவர்களுடைய நேரத்துக்குரிய தொகையைக் கொடுத்து, உண்மையான நோயாளியின் தகவல் எதுவும் இல்லாத சோதனைக் கணக்கில் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது குறுக்கிட்டு உதவாதீர்கள். எந்த இடத்தில் கை நின்றது, எந்தச் சொல்லை இரண்டு முறை கேட்டார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியையிடம் திருத்திய படிவத்தோடு மறுவாரம் போனபோது, பெயர், எண், நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நான்கு நிமிடத்தில் நிரப்பிவிட்டார். எந்தப் பிரிவு என்ற பெட்டி வந்ததும், என்னைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னார். நான் எழுந்து திண்ணைக்கு வந்தேன்.